சிறுதொழிலும் கணக்கும் (7): சனிக்கிழமைச் சம்பளமும் 60 நாள் பில்லும்

சென்ற வாரம் லாப நஷ்டக் கணக்கை எவ்வாறு வாசிப்பது என்று பார்த்தோம். ஆண்டு முடிவில் ஆடிட்டர் தயாரித்துத் தரும் அந்தக் கணக்கில் லாபம் என்று ஒரு தொகை தெளிவாக எழுதப்பட்டிருக்க, அதே நாளில் வங்கியிலோ மேஜை இழுப்பறையிலோ சம்பளம் கொடுக்கப் போதுமான பணம் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் உரிமையாளர்கள் நம்மிடையே ஏராளம். கணக்கு எழுதியவர் தவறிவிட்டார் என்றோ, தமக்குத் தெரியாமல் எங்கோ பணம் களவு போகிறது என்றோ அவர்கள் ஐயுறுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் உண்மையல்ல. கணக்கும் சரி, லாபமும் மெய். ஆனால் அந்த லாபமும், அதை ஈட்டுவதற்காகச் செலவழித்த முதலும் இன்னும் அவர் கைக்குத் திரும்பவில்லை. வேறொருவருடைய தொழிலில் வட்டியில்லா மூலதனமாக அவை தங்கியிருக்கின்றன. வேலை முடிந்த நாளுக்கும் பணம் வந்து சேரும் நாளுக்கும் நடுவேயுள்ள அந்த இடைவெளியைப் பற்றியதே இந்த வாரத்துக் கட்டுரை.

இதை நான் இத்தொடரின் மிக முக்கியமான விஷயமாகக் கருதுகிறேன். நஷ்டம் வருவது வெகு நாட்களுக்கு முன்னதாகவே தன் அறிகுறிகளைக் காட்டிவிடும். விற்பனை குறைவதும் விலை இறங்குவதும் கண்ணுக்குத் தெரிகிற சங்கதிகள். ரொக்கம் தீர்ந்துபோவதோ, வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போதே, ஆர்டர் புத்தகம் நிரம்பியிருக்கும்போதே, ஊரார் அவருடைய வளர்ச்சியைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்டது அங்கிருந்துதான் செல்கிறது. அவ்வூரில் ஒரு பனியன் உருவாவது ஒரே கூரையின் கீழ் நிகழும் காரியமன்று. நூற்பாலையிலிருந்து வந்த நூல் ஒரு நிட்டிங் கம்பெனியில் துணியாகி, சாயப்பட்டறையில் நிறம் பெற்று, காம்பாக்டிங்கில் அளவு நிலைபெற்று, பிரிண்டிங்கிலோ எம்பிராய்டரியிலோ அலங்காரம் கொண்டு, வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, காஜா எடுத்துப் பட்டன் வைக்கப்பட்டு, செக்கிங்கும் அயர்னும் முடிந்து பெட்டிக்குள் புகுவதற்குள், தனித்தனி உரிமையாளர்களைக் கொண்ட பல கூடங்களின் வாசல்களைக் கடந்துவிடுகிறது. இந்தச் சங்கிலியில் தையல் வேலையை மட்டும் கூலிக்கு எடுத்துச் செய்யும் கூடத்தைத்தான் அங்கே பவர்டேபிள் என்று சொல்லுகிறார்கள். துணி வேலை கொடுப்பவருடையது, டிசைனும் அவருடையது, ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று சில மெஷின்களும், அவற்றில் உட்கார்ந்து தைக்கும் டெய்லர்களும், கைமடித்துக் கொடுக்கும் பெண்களும், தையல் நூலும் ஊசியும் மட்டுமே பவர்டேபிள்காரருடையவை. அவரே பெரும்பாலும் முன்னாளில் டெய்லராக இருந்து, கையில் சேர்ந்த பணத்தைக்கொண்டு இரண்டு மெஷின் போட்டு, நாளடைவில் அதைப் பெருக்கியவராக இருப்பார். தொழில் நுணுக்கத்தில் அவரை விஞ்ச ஆளில்லை. ஒரு தையலைத் தொட்டுப் பார்த்தே அது எத்தனையாவது துவைப்பில் பிரியும் என்று சொல்லக்கூடியவர். ஆனால் நாட்களை எண்ணிப் பணத்தைக் கணக்கிடும் வித்தையை அவருக்கு எவரும் கற்பித்ததில்லை.

20 மெஷின்கள் ஓடும் ஒரு பவர்டேபிளை மனத்தில் கற்பித்துக்கொள்வோம். விளக்கத்தின் பொருட்டு முழுத் தொகைகளாகவே வைக்கிறேன். வாசகர்கள் தத்தம் தொழிலின் தொகைகளை அவற்றின் இடத்தில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கூடம் மாதம் 6,00,000 ரூபாய்க்குக் கூலி பில் போடுகிறது. சனிக்கிழமைதோறும் கொடுக்கும் சம்பளம், கட்டட வாடகை, மின்கட்டணம், நூல், ஊசி, எண்ணெய், மெஷின் பழுது, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கடன் தவணை எல்லாம் சேர்ந்து மாதச் செலவு 5,40,000 ரூபாய். மீதி 60,000, அதாவது நூற்றுக்குப் பத்து. கூலி வேலைக்கு இது குறைவான லாபமென்று சொல்வதற்கில்லை. வாரந்தோறும் கணக்குத் தீர்க்கும் கம்பெனிகளும் அவ்வூரில் உண்டு. 60 நாளும் 90 நாளும் இழுப்பவையும் உண்டு. நம்முடைய பவர்டேபிளுக்கு வேலை தருபவர், மாதத்து வேலைக்கெல்லாம் மாதக் கடைசியில் ஒரே பில், பில் தேதியிலிருந்து 60 நாளில் பணம் என்று பேசியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் முதல் தேதியன்று மெஷின் ஓடத் தொடங்குகிறது. ஏப்ரல் 30-ஆம் தேதி பில் போகிறது. அதற்குரிய பணம் ஜூன் மாதக் கடைசியில் வரும்; அதுவும், சொன்ன சொல் தவறாமல் வந்தால். அதற்குள்ளாக ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களின் செலவும், ஏறக்குறைய 16,20,000 ரூபாய், கைப்பணமாகவோ கடனாகவோ வெளியே போயிருக்கும். டெய்லர் சனிக்கிழமை மாலையில் கூலிக்குக் காத்து நிற்கிறார். அவருக்கு 60 நாள் தவணை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கட்டடச் சொந்தக்காரரும் மின்வாரியமும் அப்படியே. இவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கன்று கொடுத்துவிட்டு, தாம் வாங்கவேண்டியதற்கு மட்டும் மூன்று மாதம் காத்திருக்கும் அந்த மனிதர், தம் மாத லாபமான 60,000 ரூபாயை வீட்டுச் செலவுக்கு ஒரு காசுகூட எடுக்காமல் முழுவதும் தொழிலிலேயே விட்டுவைத்தாரானாலும், அந்த 16,20,000 ரூபாயை மீட்டெடுக்க 27 மாதங்கள் ஆகும்.

வரியை இதில் நான் சேர்க்கவில்லை. ஜவுளிக் கூலி வேலைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 6,00,000 ரூபாய் பில்லுக்கு 30,000. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவரானால் இந்தத் தொகையை, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டு, அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். பில் போட்டதே வரிக்குக் காரணம். பணம் வந்ததா இல்லையா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே ஏப்ரல் பில்லின் வரியும் மே பில்லின் வரியும், ஏப்ரல் பில்லின் பணம் வருவதற்கு முன்பே கட்டப்பட்டுவிடுகின்றன.

இந்நிலையில் அவருடைய வேலையின் நேர்த்தியைக் கேள்விப்பட்டு இன்னொரு கம்பெனி வந்து, இதே அளவு வேலையை இதே விதிகளின்படி தருவதாகச் சொல்லுகிறது. அவர் மகிழ்கிறார், குடும்பம் மகிழ்கிறது, இன்னும் 20 மெஷின்கள் தவணையில் வருகின்றன. ஆனால் அந்த இரண்டாவது வேலைக்கு மறுபடியும் ஒரு 16,20,000 ரூபாய் வேண்டும் என்பதும், முதலாவது 16,20,000 இன்னும் மீளவில்லை என்பதும் எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. விற்பனை இரட்டிக்கிறது, லாபமும் ஏட்டில் இரட்டிக்கிறது, ஐந்தாவது ஆறாவது சனிக்கிழமையில் சம்பளத்துக்குப் பணம் இல்லை. இரண்டு வாரம் சம்பளம் தாமதித்தால் நல்ல டெய்லர்கள் வேறு கூடத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் போனால் டெலிவரி தவறும். டெலிவரி தவறினால் வேலை கொடுத்தவர் பில்லில் கழிப்பார். வேலை கிடைக்காததால் மூடப்பட்ட கூடங்களைக் காட்டிலும், தாங்க முடியாத அளவுக்கு வேலை கிடைத்து மூடப்பட்ட கூடங்களே என்னை அதிகம் வருத்துகின்றன. முன்னதற்குச் சந்தை காரணம். பின்னதை ஒரு தாளும் பென்சிலும் தடுத்திருக்கும்.

இது சிறியவர்களுக்கு மட்டும் நேரும் விபத்து என்று கருத வேண்டாம். அமெரிக்காவில் 1906-ஆம் ஆண்டு மாசச்சூஸெட்ஸ் மாகாணத்து லின் நகரில் ஒரே கடையாகத் தொடங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகளாகப் பெருகிய டபிள்யூ. டி. கிராண்ட் என்னும் நிறுவனம், வாடிக்கையாளர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்து விற்பனையை வளர்த்தது. ஏட்டில் ஆண்டுதோறும் லாபம், பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட், 1974-ல் வங்கிகள் பல ஒன்றுகூடி 60 கோடி டாலர் கடன் கொடுத்தன. 1975 அக்டோபரில் அது திவாலாயிற்று. பின்னர் 1980-ல் லார்கே, ஸ்டிக்னி என்னும் இரு கணக்கியல் பேராசிரியர்கள் அதன் ஆண்டறிக்கைகளை எடுத்துவைத்து ஆராய்ந்தபோது, லாபம் காட்டப்பட்ட ஆண்டுகளிலேயே, திவாலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, அன்றாட வியாபாரத்தின் மூலம் அந்நிறுவனத்துக்குள் வந்த ரொக்கத்தைவிட வெளியே போன ரொக்கம் மிகுதியாக இருந்தது தெரியவந்தது. லாபத்தைப் பார்த்தவர்கள் அனைவரும் ரொக்கத்தைப் பார்க்கத் தவறினார்கள். 1987-ல் அமெரிக்கக் கணக்கியல் விதிகள், நிறுவனங்கள் ரொக்க ஓட்ட அறிக்கையைக் கட்டாயமாகத் தரவேண்டுமென்று விதித்தன. நம் நாட்டிலும் பெரிய கம்பெனிகளுக்கு அது கட்டாயம். ஆனால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், சிறு கம்பெனிகளுக்கும் ஒரு நபர் கம்பெனிகளுக்கும் அதிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. கணக்கெழுதும் சுமையைக் குறைக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் அளிக்கப்பட்ட விலக்குத்தான். எனினும் யாருக்கு அந்தக் கணக்கு உயிர்போன்றதோ அவரே அதை எழுதாமல் விட்டுவிடுவதற்கு இது காரணமாகிவிட்டது. ஒரு பவர்டேபிளோ லேத் பட்டறையோ கம்பெனியாகப் பதிவுகூட ஆகியிராது. அங்கே எழுதுமாறு கேட்பாரே இல்லை.

ஆகவே நாமே நமக்காக எழுதிக்கொள்வோம். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. கோடு போட்ட ஒரு பெரிய தாள் போதும். இன்றிலிருந்து 13 வாரங்களை, அதாவது மூன்று மாதங்களை, 13 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் தலையிலும் அந்தச் சனிக்கிழமையின் தேதியை எழுதவேண்டும். முதல் கட்டத்தின் மேற்பகுதியில் இன்று உண்மையாகவே கையிலும் வங்கியிலும் இருக்கும் பணம். அதன் கீழ் அந்த வாரத்தில் வரும் பணம், போகும் பணம். மீதியை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நம் பழைய வியாபாரிகளின் நாள்வழியும் பேரேடும் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அவை நடந்து முடிந்ததைச் சொல்லின, இந்தத் தாள் நடக்கப்போவதைச் சொல்லும், அவ்வளவே.

ஆனால் எழுதும்போது ஒரு கண்டிப்பு மிகவும் அவசியம். வரவுப் பக்கத்தில் பணம் வரவேண்டிய தேதியை எழுதக் கூடாது; வரப்போகும் தேதியை எழுதவேண்டும். 60 நாளில் தருவதாகச் சொல்லி ஒவ்வொரு முறையும் 78-ஆம் நாள் தருபவர் இந்தத் தடவை மட்டும் 60-ஆம் நாள் தருவார் என்று நம்புவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. அவரவருடைய கடந்தகாலப் பில்களைப் புரட்டி, பில் தேதியையும் பணம் வந்த தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அவருடைய உண்மையான வழக்கம் வெளிப்பட்டுவிடும். அதைத்தான் தாளில் ஏற்றவேண்டும். செலவுப் பக்கத்திலோ இதற்கு நேர்மாறு: எதையும் தள்ளிப்போடாமல், 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி., கடன் தவணை, வாடகை என்று அதனதன் நாளிலேயே எழுதிவிட வேண்டும். சில மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகள் வரும். வரவு கூடாமல் சம்பளம் மட்டும் ஒரு வாரம் கூடுகிற மாதம் அது. தீபாவளி போனஸோ திருப்பூரில் ஆண்டின் மிகப் பெரிய ஒற்றைச் செலவு. அதற்குப் பின் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்வரை மெஷின்கள் ஓடாத நாட்கள் வேறு. ஆடியிலேயே தாளில் தீபாவளியைக் கண்டுவிட்டவருக்கு அது பண்டிகை. ஐப்பசியில் காண்பவருக்கு அதுவே பெரிய ஆபத்தாகிறது.

தாளை எழுதி முடித்ததும் ஏதோ ஒரு கட்டத்தில் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போவது கண்ணில் படும். அந்தக் கட்டம் ஒன்பதாவது வாரமாக இருக்குமானால் உபாயம் தேட எட்டு வாரம் இருக்கிறது. வங்கி மேலாளரைப் பார்க்கலாம். வேலை தருபவரிடம் ஒரு பகுதியை முன்னதாகக் கேட்கலாம். புது மெஷின் வாங்குவதை ஒத்திப்போடலாம். அதே பள்ளம் வெள்ளிக்கிழமை மாலையில் தெரியவந்தால் ஒரே வழிதான் எஞ்சியிருக்கும். அந்த வழியின் விலையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

தண்டல் கடனை நம் கடைத்தெருவில் அறியாதவர் இல்லை. 10,000 ரூபாய் என்று எழுதி, 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பது அதன் சாதாரண ரூபம். வாங்குபவர் இதைப் பத்துச் சதவீதம் என்று எண்ணிக்கொள்கிறார். ஆனால் மறுநாளே திருப்பித்தரத் தொடங்கிவிடுவதால், அந்த 9,000 ரூபாய் முழுமையாக அவரிடம் ஒரு நாளைக்கு மேல் இருப்பதில்லை. சராசரியாக அதில் பாதிதான் அவர் உபயோகத்தில் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 70 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. நூற்றுக்குப் பத்து லாபம் வைத்துத் தொழில் செய்பவர், கையில் வாங்கிய 9,000-க்கு 1,000 வட்டி கொடுத்தால், அந்தச் சுற்றின் லாபம் முழுவதும் அதற்கே போய்விடும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே அதிக வட்டி வசூலைத் தடைசெய்யும் சட்டம் வந்து, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே இவற்றைக் குறிப்பிட்டிருந்தும், வெள்ளிக்கிழமை மாலைகள் உள்ளவரை இவற்றுக்கு ஆள் குறைவதில்லை.

வங்கியில் இதற்கு ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. 1992-ல் பி. ஆர். நாயக் தலைமையிலான குழு பரிந்துரைத்து, ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்ட அளவுகோலின்படி, சிறுதொழிலின் நடைமுறை மூலதனத் தேவை அதன் ஓராண்டு விற்பனையில் 25 சதவீதம் என்று வைத்து, அதில் 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தை உரிமையாளரும் போடவேண்டும். நம் பவர்டேபிளின் ஆண்டு விற்பனை 72,00,000 ரூபாய். அதில் 25 சதவீதம் 18,00,000. வங்கி தரக்கூடியது 14,40,000. உரிமையாளர் போடவேண்டியது 3,60,000. நாம் நாட்களை எண்ணிக் கண்ட 16,20,000 ரூபாய்த் தேவைக்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். மூன்று மாதச் சுற்று என்ற அனுமானத்தின் மேல் எழுந்த அளவுகோல் அது. சொத்து ஈடு கொடுக்க இயலாதவர்களுக்காக 2000-ஆம் ஆண்டு முதல் கடன் உத்தரவாத நிதியமும் இருக்கிறது. இந்த வசதியைக் கேட்டுப் பெறுவதற்கு ஒழுங்கான பில்களும் ஜி.எஸ்.டி. தாக்கலும் வேண்டும், அவற்றுடன் இந்த 13 வாரத் தாளையும் கொண்டுபோய் வைப்பவரை எந்த வங்கி மேலாளரும் இலேசாக நினைக்கமாட்டார்.

எனினும் கடன் வாங்கிப் பள்ளத்தை நிரப்புவதற்கு முன்னால், பள்ளத்தையே குறுக்க வழியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. நம் பவர்டேபிள்காரர் மாதத்துக்கு ஒருமுறை பில் போடுவதை விட்டுவிட்டு, வாரந்தோறும் டெலிவரி சலானுடனேயே பில் போட்டாரானால், முதல் வாரத்து வேலையின் பணம் மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிடும். அவருடைய ஒரு வாரச் செலவு ஏறத்தாழ 1,25,000 ரூபாய். மூன்று வாரத்துக்கு 3,75,000. அவ்வளவு கடன் அவருக்கு வேண்டாமற் போகிறது. பில் புத்தகத்தைத் தவிர இதற்கு வேறு செலவில்லை. ஆயினும் பில் எழுதுவதை மாதக் கடைசி வேலையாகவே பலர் வைத்திருக்கிறார்கள். வேலை தருபவர்கள் மறுப்பார்கள் என்று அஞ்சி, கேட்டுக்கூடப் பாராமலே.

இந்த அச்சத்தைப் பற்றித்தான் மனம்விட்டுச் சொல்ல விரும்புகிறேன். நம்மவர்களுக்குப் பணம் கேட்பதில் ஒரு தாட்சண்யம் இருக்கிறது. தமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்பதை யாசகம்போல எண்ணிக் கூசுகிறார்கள். போனில் பேசும்போது குடும்ப நலம் விசாரித்து, வெயிலைப் பற்றிப் பேசி, அடுத்த ஆர்டரைப் பற்றிக் கேட்டு, கடைசியில், "அந்தப் பில்லு கொஞ்சம் பாத்தீங்கன்னா நல்லாருக்குங்க" என்று இழுத்து முடிக்கிறார்கள். "அடுத்த வாரம் பாக்கலாங்க" என்ற பதிலோடு அது தீர்ந்துபோகிறது. அடுத்த வாரம் எந்தக் கிழமை, எவ்வளவு தொகை என்று கேட்க நா எழுவதில்லை. மரியாதையும் பணிவும் நம் வியாபார வாழ்க்கையின் அணிகலன்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தாட்சண்யத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்று பார்க்கவேண்டும். பெரிய கம்பெனி 60 நாள் தாமதிக்கும்போது பவர்டேபிள்காரர் அதற்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். அதைக் கொடுப்பதற்காகத் தாம் வட்டிக்கு வாங்குகிறார். வட்டியும் கட்ட இயலாத வாரத்தில் அந்தக் கடனைத் தைத்துக் களைத்த பெண்ணின் சம்பளத்திலிருந்து எடுக்கிறார். வங்கியில் எவருக்கும் கிடைக்காத அவ்வளவு மலிவான பணத்தை, சந்தையில் மிகப் பலமுள்ளவர் மிகப் பலமில்லாதவரிடமிருந்து பெற்றுக்கொள்கிறார். இதைவிட அநீதியான கடன் ஏற்பாடு ஒன்றை நான் அறியேன்.

சட்டம் இதை அறியாமலில்லை. 2006 அக்டோபர் 2-ஆம் தேதி அமலுக்கு வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, குறு, சிறு தொழில் நடத்துபவர்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள்ளும், இல்லையானால் 15 நாளுக்குள்ளும் பணம் தரவேண்டும் என்கிறது. ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஆகையால் நம் உதாரணத்தில் வந்த 60 நாள் என்ற பேச்சே சட்டத்துக்கு முரணானது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக, 16-ஆம் பிரிவின்படி தரவேண்டும். பொருளில் குறையிருந்தால் பெற்ற 15 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் பெற்ற நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். மாதங்கள் கழித்துத் தையல் குறையென்று பில்லில் கழிக்கப்படுபவர்கள் இந்த வாசகத்தை மனத்தில் பதித்துக்கொள்வது நலம். 60 நாள் 45 ஆனால் மட்டுமே நம் பவர்டேபிளின் தேவை 2,70,000 ரூபாய் குறைந்துவிடும். 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, பொருளோ சேவையோ வாங்கியவர் இவ்வாறு தாமதித்த தொகையைத் தம் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெறுவது, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் முடியும். பில்லை 180 நாளுக்குள் தீர்க்காதவர் அதன்மேல் எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியையும் வட்டியுடன் திருப்ப நேரிடும். ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேற்பட்ட கம்பெனிகள் டிரெட்ஸ் என்னும் மின்னணு மேடையில் சேர்ந்திருக்கவேண்டும். அங்கே அவர்கள் ஏற்றுக்கொண்ட பில்லின்மேல் வங்கிகள் போட்டியிட்டு, வட்டியைக் கழித்துக்கொண்டு விற்றவருக்கு உடனே பணம் தருகின்றன. பின்னர் வாங்கியவர் தவறினாலும் வங்கிகள் விற்றவரைத் தொடரமாட்டா.

இவ்வளவும் ஏட்டில் இருந்தும், தாமதித்த பணத்தை வசூலிக்க அந்தக் குறு, சிறு தொழில் சட்டத்தின்படி அமைந்த மன்றத்துக்குப் போகிறவர்கள் குறைவு. போனால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதே. அதனால்தான் வழக்குக்குப் போகுமாறு நான் எவரையும் தூண்டவில்லை. குறு, சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவைத் தொழில் தொடங்கும்போதே செய்துகொண்டு, பதிவு எண்ணையும், 45 நாளில் பணம் என்ற வாசகத்தையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்து, கூலி விகிதம் பேசும் அதே அமர்வில் பண நாளையும் பேசி முடித்து, தவணை நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக இன்முகத்துடன் நினைவூட்டி, தவறிய மறுநாளே தேதியும் தொகையும் கேட்டு வாங்குவதை ஒரு நியமமாகக் கைக்கொண்டாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். எல்லோருக்கும் கொடுக்கமுடியாத வாரத்தில் கம்பெனிக் கணக்காளர் கொடுப்பது, கேட்டுக்கொண்டே இருப்பவருக்குத்தான். கூலியில் சிறிது குறைத்தேனும் வாரப் பட்டுவாடா செய்யும் கம்பெனியின் வேலை, அதிகக் கூலி பேசி 90 நாள் இழுப்பவரின் வேலையைவிட எத்தனையோ மேல். இதை அறிந்தவர்கள் ஒரே கம்பெனியை நம்பி எல்லா மெஷின்களையும் ஓட்டுவதுமில்லை.

தம் கையிலேயே உள்ள பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பில்லோடு சேர்ந்து வந்து இன்னும் கட்டப்படாத ஜி.எஸ்.டி.யும், சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணமும் உரிமையாளருடையவை அல்ல. அவை வந்த அன்றே தனி வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். அதுபோலவே பத்து வருஷம் ஓடக்கூடிய மெஷினை அன்றாட ரொக்கத்திலிருந்து வாங்குவது விதைநெல்லைக் குத்திச் சமைப்பதற்கு ஒப்பாகும். நீண்டகாலச் சொத்துக்கு நீண்டகாலக் கடன்தான் பொருத்தம். நான்கு வாரச் சம்பளத்துக்கான தொகையாவது தொடாத பணமாக இருக்கவேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் எந்தப் பங்குமில்லாத தையல் கூடங்களும் துணி வராமல் நின்றன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பாலும் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்காலும் அவை மறுபடியும் நின்றன. முன்னறிவிப்பின்றி வரும் அத்தகைய வாரங்களில் ஆட்களைக் கலையவிடாமல் காத்தவர்கள் அந்தத் தொடாத பணத்தை வைத்திருந்தவர்களே.

இத்தொடரைப் பெரிய கம்பெனிகளை நடத்துபவர்களும் வாசிக்கிறார்கள் என்று கடிதங்களால் அறிகிறேன். அவர்களுக்கு என் விண்ணப்பம் இது: உங்களுக்கு வெளிநாட்டுப் பணம் தாமதமாவது மெய்யே, ஆனால் அந்தத் தாமதத்தைத் தாங்குவதற்கு வங்கி உங்களுக்குத் துணை நிற்கிறது, ஏற்றுமதிக் கடன் இருக்கிறது. 20 மெஷின்காரருக்கு அவை எளிதில் எட்டாதவை. கூலி பில்களை மட்டுமாவது மற்றப் பில்களிலிருந்து பிரித்துவைத்து முதலில் தீருங்கள். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒருவர் உழைத்துவிட்ட சம்பளம்.

சிறுதொழில் நடத்தும் வாசகர்களே, அடுத்த வாரம் கூலி விகிதம் நிர்ணயிப்பதைப் பற்றி நான் எழுதுவதற்குள், 13 வாரத் தாளை ஒருமுறையேனும் எழுதிப் பாருங்கள். வரவேண்டிய தொகைகளில் 45 நாளைத் தாண்டியவற்றின் கீழ் சிவப்பு மையால் கோடிட்டு, திங்கட்கிழமை காலையில் மெஷின் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக அவற்றைத் தரவேண்டியவர்களைக் கூப்பிட்டு, எந்த நாளில் எவ்வளவு என்று கேளுங்கள்.